பழைய கணினியில் உரைக்கோப்பைச் சுருக்கி அச்சிட ஒரு சிறு நிரல்

டாஸ் ஓடும் பழைய கணினியையும் அதனோடு பேரலல் கேபிளில் இணைந்த டாட் மேட்ரிக்ஸ் அச்சுப்பொறியையும் இன்னும் பயன்படுத்துபவர்கள், நீளமான உரைக்கோப்பு ஒன்றை அச்சிடும்போதெல்லாம் தாள் கரைவதைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டியிருக்கிறது. இயல்பு நிலையில் அச்சுப்பொறி ஓர் அங்குலத்துக்கு 10 எழுத்துகளையும் 6 வரிகளையும் அச்சிடும். அதாவது 8 அங்குல அகலத்தில் 80 எழுத்துகள், 11 அங்குலத் தாளில் 66 வரிகள். ஆனால் நிரல்களின் மூலவரிகளும் கையேடுகளும் பட்டியல்களும் அந்த 80 எழுத்து அகலத்தை நிரப்புவது அரிது. பாதி அகலம் வருவதற்குள் வரி முடிந்துவிடும், வலப்பக்கம் வெள்ளையாகவே கிடக்கும். அதே தாளில் சிறிய எழுத்தில், நெருக்கமான வரிகளில், செய்தித்தாள்போல இரண்டு பத்திகளாக அச்சிட்டால் ஒரு பக்கத்தில் 164 வரிகள் அடங்கும். அப்படி அச்சிடும் சிறு நிரலை நீங்களே எழுதிக்கொள்ளும் முறையைக் கீழே விளக்குகிறேன்.

இதில் எழுத்தைச் சிறிதாக்குவது ஒரு வேலையே அல்ல. அதற்கு ஒரே ஒரு பைட் அனுப்பினால் போதும். வேலையெல்லாம் எண்ணுவதில் இருக்கிறது. அச்சுப்பொறி தனக்கு வரும் பைட்டுகளை வந்த வரிசையில் தாளில் இறக்குமே தவிர, வரி எங்கே முடிகிறது, அடுத்த பத்தி எங்கே தொடங்க வேண்டும் என்பதையெல்லாம் அறியாது. அதன் தலை மேலே திரும்பிப் போகாது என்பதால், இடப் பத்தி முழுவதையும் அச்சிட்டுவிட்டு வலப் பத்திக்கு வருவதும் நடவாது. ஆகவே ஒரு பக்கத்துக்கு உரிய அனைத்தையும் நிரல் தன் நினைவகத்தில் எண்ணி அடுக்கி முடித்த பிறகே முதல் பைட்டை வெளியே அனுப்ப வேண்டும்.

நிரல் இல்லாமலே ஆகுமா?

சிறிய எழுத்து மட்டும் போதும், பத்தி பிரிக்க வேண்டாம் என்பவர்களுக்கு டாஸிலேயே வழி இருக்கிறது. மோட் என்னும் கட்டளையோடு எல்பிடி1 என்னும் போர்ட்டின் பெயரையும், ஒரு முக்காற்புள்ளியையும், 132,8 என்ற எண்களையும் சேர்த்துக் கொடுத்தால், வரிக்கு 132 எழுத்துகள், அங்குலத்துக்கு 8 வரிகள் என்ற நிலைக்கு அச்சுப்பொறி மாறும். 80,6 என்று கொடுத்தால் பழைய நிலைக்குத் திரும்பும். ஐபிஎம் அல்லது எப்சன் வழக்கத்தைப் பின்பற்றும் அச்சுப்பொறிகளில் மட்டுமே இது வேலை செய்யும். இதன் பிறகு கோப்பை அனுப்பும்போது காப்பி கட்டளையோடு /பி என்னும் துணைக்குறியைச் சேர்ப்பது நல்லது. சேர்க்காவிட்டால், கோப்பின் நடுவில் எங்காவது 26 என்ற எண்ணுடைய பைட் இருக்கும் இடத்திலேயே கோப்பு முடிந்துவிட்டதாகக் கொண்டு டாஸ் நின்றுவிடும்.

அச்சுப்பொறிக்கு அனுப்பும் எண்கள்

அச்சுத்தலையில் 9 ஊசிகள் கொண்ட எப்சன் வகை அச்சுப்பொறிக்கு உரிய குறியீடுகளைப் பதின்ம எண்களாகவே தருகிறேன். எந்த நிரல்மொழியிலும் அப்படியே பயன்படும். 15 என்ற ஒற்றை பைட் சுருக்க எழுத்தைத் தொடங்கும், 18 அதை நிறுத்தும். சுருக்க எழுத்தில் அங்குலத்துக்கு ஏறத்தாழ 17.16 எழுத்துகள் வருவதால் 8 அங்குலத்தில் 137 எழுத்துகள் அடங்கும். 27 48 என்ற இணை வரி இடைவெளியை எட்டில் ஓர் அங்குலமாக்கும். 27 50 அதை ஆறில் ஒன்றாக்கும். இன்னும் நெருக்க விரும்பினால் 27 51 என்று அனுப்பி அதன்பின் ஓர் எண் தர வேண்டும். இங்கேதான் பலர் இடறுகிறார்கள்: 9 ஊசி இயந்திரத்தில் அந்த எண் 216இல் ஒரு பங்கு அங்குலத்தைக் குறிக்கும், 24 ஊசி இயந்திரத்திலோ 180இல் ஒரு பங்கு. முன்னதில் 18 என்று கொடுத்தால் அங்குலத்துக்கு 12 வரிகள் வரும். அதே 18 பின்னதில் 10 வரிகளே தரும், அங்கே 12 வேண்டுமானால் 15 என்று கொடுக்க வேண்டும். சாதாரண உயர எழுத்தை அங்குலத்துக்கு 12 வரியாக நெருக்கினால் வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும் என்பதால், 27 83 0 என்று அனுப்பி மேலெழுத்து அளவுக்கு மாற்றிய பிறகே அதைச் செய்ய வேண்டும் (27 84 அதை நிறுத்தும்). கண்ணாடி போட்டவர்களுக்கு அந்த அளவை நான் பரிந்துரைப்பதில்லை. எட்டு வரியே போதும்.

27 77 என்பது அங்குலத்துக்கு 12 எழுத்துகள் கொண்ட எலைட் அளவு. அதோடு 15ஐயும் சேர்த்தால் அங்குலத்துக்கு 20 எழுத்துகளாகி, வரிக்கு 160 எழுத்துகள் வரை கிடைக்கும். ஆனால் 1980களின் முற்பகுதியைச் சேர்ந்த சில இயந்திரங்களில் இவ்விரண்டும் சேராது. எலைட் வந்ததும் சுருக்கம் மறைந்துவிடும்.

உங்கள் இயந்திரம் எதைச் செய்கிறது என்பதைக் கையேட்டில் தேடுவதைவிட அதனிடமே கேட்டுவிடுவது மேல். 1234567890 என்ற பத்து எண்களை இருபது முறை இடைவெளியின்றிச் சேர்த்து ஒரே வரியாக ஒரு கோப்பில் எழுதி, தேவையான குறியீடுகளை அனுப்பிவிட்டு, அந்தக் கோப்பை அச்சிட்டுப் பாருங்கள். வரி எந்த இடத்தில் மடிந்து கீழே இறங்குகிறதோ அதுவே உங்கள் உண்மையான அகலம். 13 முழுப் பத்துகளும் கூடுதலாக ஏழு எண்களும் வந்து 7இல் மடிந்தால் 137. சரியாக 16 பத்துகள் வந்தால் 160. 9 பத்துகளும் ஓர் ஆறும் வந்தால் சுருக்கம் வேலை செய்யவில்லை, எலைட் மட்டுமே கிடைத்திருக்கிறது என்று பொருள். அவ்வாறே 1 முதல் 120 வரை வரிக்கு ஓர் எண்ணாக அச்சிட்டால், தொடர்தாளில் ஒரு பக்கத்தையும் அடுத்ததையும் பிரிக்கும் மடிப்பு எந்த எண்ணில் விழுகிறது என்பதைக் கொண்டு பக்கத்தின் வரிக்கணக்கும் தெரிந்துவிடும்.

பக்க நீளம்

பக்க நீளத்தைத் தெரிவிக்கும் குறியீடு 27 67. அதன்பின் வரும் எண் வரிகளின் எண்ணிக்கை, அதுவும் அந்த நேரத்தில் நடப்பில் உள்ள வரி இடைவெளியின்படி. நான் முதன்முதலில் எழுதிய நிரலில் 27 48 அனுப்பி வரிகளை நெருக்கிய பிறகு, பழக்கத்தால் 27 67 66 என்று அனுப்பிவிட்டேன். எட்டில் ஓர் அங்குலம் வீதம் 66 வரிகள் என்றால் 8.25 அங்குலம், ஆக அச்சுப்பொறியின் கணக்கில் தாள் 8.25 அங்குலமாகச் சுருங்கிவிட்டது. முதல் பக்கம் 84 வரிகளில் 10.5 அங்குலம் வரை ஓடியது. பிறகு தாளைத் தள்ளும் 12 என்ற பைட் போனதும், அச்சுப்பொறி தன் கணக்கில் இரண்டாம் பக்கத்தின் முடிவான 16.5 அங்குலத்தில் போய் நின்றது. இரண்டாம் பக்கத்தின் தலைப்பு இரண்டாம் தாளின் நட்டநடுவில் விழுந்தது. குற்றம் தாளை இழுக்கும் பல்சக்கரத்தில் இருக்கிறது என்று நினைத்து அதைக் கழற்றித் துடைத்து மாட்டியதில் ஒரு மாலைப்பொழுது போயிற்று.

நீளத்தை அங்குலத்தில் சொல்லிவிட்டால் இந்தச் சிக்கல் எழாது: 27 67 0 11 என்றால் 11 அங்குலம், 12 அங்குலத் தொடர்தாளுக்கு 27 67 0 12. மடிப்பைத் தாண்டிக் குதிக்கும் வசதி சில இயந்திரங்களில் டிப் சுவிட்ச் என்னும் சிறு அமைப்புச் சுவிட்ச் வழியே இயங்கிக்கொண்டிருக்கும். அதை 27 79 நிறுத்தும். இவை அனைத்துக்கும் முன்னால் 27 64 அனுப்பி அச்சுப்பொறியைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவர வேண்டும். ஆக, தொடக்க வரிசை முழுவதும் இவ்வளவுதான்:

27 64, 15, 27 48, 27 67 0 11, 27 79

27 64 என்பது அமைப்புகளை மட்டும் அழிப்பதில்லை; தாள் அப்போது நிற்கும் இடத்தையே பக்கத்தின் தலையாகவும் எடுத்துக்கொள்ளும். எனவே தொடங்குமுன் தாளின் மடிப்பு அச்சுத்தலைக்கு நேராக நிற்க வேண்டும். அதே காரணத்தால், அச்சு முடிந்தபின் முதலில் 12 அனுப்பித் தாளைத் தள்ளிவிட்டு அதன் பிறகே 27 64 அனுப்ப வேண்டும். வரிசை மாறினால் பாதித் தாளே அடுத்த வேலையின் தலையாகிவிடும்.

எண்ணி அடுக்குதல்

137 எழுத்து அகலத்தை எப்படிப் பங்கிடுவது? பத்திக்கு 66 எழுத்துகள், நடுவே 4 இடைவெளி, ஆக மொத்தம் 136. கடைசி ஓர் இடத்தை வேண்டுமென்றே விட்டுவைக்கிறேன். வரி விளிம்புவரை நிரம்பினால் அச்சுப்பொறியும் ஒரு வரி இறக்கி, நிரலும் ஒரு வரி இறக்கி, வெற்றுவரிகள் முளைக்கும் அபாயம் சில இயந்திரங்களில் உண்டு. 20 எழுத்து அளவு கிடைத்தவர்கள் 78, 3, 78 என்று பிரித்துக்கொள்ளலாம். உயரத்தில் 88 வரிகளுக்கு இடம் இருக்கிறது. கீழே 4 வரிகளை விளிம்புக்கும், மேலே ஒரு வரியைக் கோப்பின் பெயர், தேதி, பக்க எண் ஆகியவற்றுக்கும், ஒரு வெற்றுவரியையும் ஒதுக்கினால் 82 வரிகள் மிஞ்சும். இரண்டு பத்திகளுக்கும் 164. இவற்றை நினைவகத்தில் வைத்திருக்க 164 முறை 66, அதாவது 10,824 பைட்டுகள் போதும். மிகச் சிறிய நினைவகம் உடைய கணினிக்கும் இது சுமையாகாது.

கோப்பை நிரல் பைட் பைட்டாகப் படிக்க வேண்டும். படிக்கும்போது எழுத்துகளை வரியில் சேர்த்துக்கொண்டே, வரியில் இதுவரை எத்தனை இடம் நிரம்பியிருக்கிறது என்ற எண்ணிக்கையையும் வைத்துக்கொள்ள வேண்டும். 9 என்ற பைட் தாவல். அதை அச்சுப்பொறிக்கு அப்படியே அனுப்பக் கூடாது, ஏனெனில் வலப் பத்தியின் தொடக்கம் எங்கே என்று அச்சுப்பொறிக்குத் தெரியாது, தாளின் இட விளிம்பிலிருந்தே அது எண்ணும். அதற்குப் பதிலாக, நிரம்பிய இடங்களின் எண்ணிக்கையை 8ஆல் வகுத்து வரும் மீதியை 8இலிருந்து கழித்து, அத்தனை வெற்றிடங்களைச் சேர்க்க வேண்டும். மூன்று எழுத்துகளுக்குப் பின் தாவல் வந்தால் ஐந்து வெற்றிடம். எட்டு எழுத்துகளுக்குப் பின் வந்தால் மீதி சுழி என்பதால் முழு எட்டு.

வரி 66ஐத் தாண்டினால் மடிக்க வேண்டும். கட்டுரை போன்ற உரையாக இருந்தால் பின்னோக்கிச் சென்று கடைசி வெற்றிடத்தில் வெட்டுவது படிக்க நன்றாக இருக்கும். நிரலின் மூலவரிகளாக இருந்தால் அப்படிச் செய்யக் கூடாது என்பது என் கருத்து. சரியாக 66இல் வெட்டி, தொடரும் வரியின் முதல் இடத்தில் > போன்ற ஓர் அடையாளம் இட்டுவிட வேண்டும். இல்லையென்றால் மடிந்த வரி எது, கோப்பில் உண்மையாகவே தனி வரியாக இருப்பது எது என்று பின்னால் பிரித்தறிய முடியாது. இந்த இரு முறைகளில் எதைப் பின்பற்றுவது என்பதைப் பயனரே தேர்ந்தெடுக்க நிரலில் ஒரு விருப்பத்தேர்வு இருக்கட்டும்.

10 வந்தால் வரி முடிந்தது. 13ஐப் புறக்கணிக்கலாம், ஏனெனில் ஒவ்வொரு வரியின் முடிவிலும் 13, 10 இரண்டையும் நிரலே அனுப்பப்போகிறது. யூனிக்ஸ் கணினியிலிருந்து வந்த கோப்பில் 10 மட்டுமே இருக்கும். அதை நேராக அச்சுப்பொறிக்கு அனுப்பினால் ஒவ்வொரு வரியும் முந்தைய வரி முடிந்த இடத்திற்குக் கீழே தொடங்கி, உரை படிக்கட்டுபோல இறங்கிக்கொண்டே போய் வலப்பக்கத்தில் முட்டும். மேற்சொன்னபடி எழுதிய நிரலில் அது தானாகவே சரியாகிவிடுகிறது. இதற்கு மாறாக, ஒவ்வொரு வரிக்கும் இடையில் ஒரு வெற்றுவரி வந்தால், 13ஐக் கண்டதும் தானே வரி இறக்கும் டிப் சுவிட்ச் இயக்கத்தில் இருக்கிறது. அதை அணைத்துவிட வேண்டும்.

கோப்பின் உள்ளேயே 12 வந்தால், தாளைத் தள்ளாமல் அந்தப் பத்தியை மட்டும் அங்கே முடித்துவிட்டு அடுத்த பத்திக்குத் தாவுவதே பொருத்தமானது. பக்கம் பிரித்துத் தயாரித்த கையேடுகளில் அறுபது வரிக்கு ஒருமுறை 12 இருப்பதுண்டு. அவை இந்த முறையில் பத்திக்கு ஒரு பக்கமாக அழகாக உட்கார்ந்துவிடும்.

இரண்டு பத்திகளும் நிரம்பியதும், அல்லது கோப்பு முடிந்ததும், முதல் வரி தொடங்கி ஒவ்வொரு வரிக்கும் இடப் பத்தியின் வரியை 66 இடம் வரை வெற்றிடத்தால் நிரப்பி, நான்கு வெற்றிடம் சேர்த்து, வலப் பத்தியின் வரியை ஒட்டி அனுப்ப வேண்டும். வலப் பத்தியில் ஒன்றும் இல்லையென்றால் நிரப்பிய வெற்றிடங்களை நறுக்கிவிடலாம். அச்சுத்தலை வீணாக ஓடாது, நேரமும் மிச்சமாகும்.

நிரல் சரியாகும்வரை அச்சுப்பொறிக்கு அனுப்பாமல் ஒரு கோப்பில் எழுதவைத்து, திரையில் பார்த்துத் திருத்துவதே சிக்கனம். பேசிக் மொழியில் எழுதுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அச்சுப்பொறிக்கு எழுத்தை அனுப்பும் எல்பிரிண்ட் கட்டளை தானாகவே 80 எழுத்துகளுக்கு ஒருமுறை வரியை முறித்துவிடும். 136 எழுத்துகளை எண்ணி அடுக்கிய உழைப்பெல்லாம் அதில் குலைந்துபோகும். நிரலின் தொடக்கத்தில் விட்த் எல்பிரிண்ட் 255 என்று அறிவித்துவிட்டால் அது தலையிடாது. குறியீடுகளை அனுப்பும் ஒவ்வொரு கட்டளையின் முடிவிலும் அரைப்புள்ளி இட மறந்தால், குறியீட்டோடு ஒரு வரியும் இறங்கிவிடும்.

கட்டங்கள் எழுத்துகளாக மாறினால்

அட்டவணைக் கட்டங்கள் உள்ள கோப்பை அச்சிட்டால், கிடைக்கோடு வர வேண்டிய இடமெல்லாம் சாய்ந்த ஆங்கில டி எழுத்தும், நெடுக்கோடு வர வேண்டிய இடமெல்லாம் சாய்ந்த 3உம் வரிசைகட்டி வருவதைப் பலர் பார்த்திருப்பார்கள். அச்சுப்பொறி பழுதாகவில்லை. ஐபிஎம் எழுத்தட்டவணையில் கிடைக்கோட்டின் எண் 196, நெடுக்கோட்டின் எண் 179. எப்சனின் சாய்வெழுத்து அட்டவணையில் 128க்கு மேற்பட்ட இடங்களில் கீழ்ப்பாதியின் எழுத்துகளே சாய்வாக மீண்டும் இடம்பெறுகின்றன. 196இலிருந்து 128ஐக் கழித்தால் 68, அது டி. 179இலிருந்து கழித்தால் 51, அது 3. தொடக்க வரிசையில் 27 116 1 என்பதைச் சேர்த்தால் ஐபிஎம் அட்டவணை வந்துவிடும்.

தமிழ் உரைக்கு இந்த வழி ஒத்துவராது. யூனிகோடின் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுவதால், ஒரு பைட்டை ஓர் எழுத்தாக மட்டுமே அறிந்த அச்சுப்பொறி அதை மூன்று பொருளற்ற குறிகளாக அச்சிடும். அதைப் படமாக மாற்றித்தான் அனுப்ப வேண்டும். அது வேறொரு நிரலின் வேலை.

லேசர் அச்சுப்பொறி இருந்தால்

ஹியூலெட்-பேக்கார்டு 1984இல் வெளியிட்ட லேசர்ஜெட்டும் அதன் வழிவந்த பிசிஎல் என்னும் அச்சுப்பொறிக் கட்டளை மொழி அறிந்த இயந்திரங்களும் எப்சன் குறியீடுகளை ஏற்பதில்லை. ஆனால் அவற்றில் தாளைக் கிடையாகத் திருப்பி அச்சிடலாம் என்பதால், சுருக்கி அச்சிடுவதற்கு அவையே மிகப் பொருத்தம். அங்குலத்துக்கு 16.66 எழுத்துகள் என்ற அளவில், கிடையாக வைத்த 11 அங்குலத் தாளில் 80 எழுத்துப் பத்திகள் இரண்டையும் 8 எழுத்து இடைவெளியையும் தாராளமாக வைக்கலாம். வரியை மடிக்கும் தேவையே பெரும்பாலும் எழாது. அனுப்ப வேண்டியவை வரிசையாக:

27 69
27 38 108 49 79
27 40 49 48 85
27 40 115 49 54 46 54 54 72
27 38 108 53 46 52 53 67

முதலாவது தொடக்க நிலை, இரண்டாவது கிடைத்தாள், மூன்றாவது கட்டக்கோடுகள் உள்ள ஐபிஎம் எழுத்துத் தொகுதி, நான்காவது எழுத்தளவு, ஐந்தாவது வரி இடைவெளி. ஐந்தாவதில் உள்ள 53 46 52 53 என்பது 5.45 என்ற எண்ணையே குறிக்கிறது, அலகு 48இல் ஒரு பங்கு அங்குலம். 8.5 அங்குல உயரத்தில் மேலும் கீழும் அரை அங்குலம் போக மிஞ்சும் 7.5 அங்குலத்தில் 66 வரிகள் கச்சிதமாக அடங்க இதுவே அளவு. ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீட்டர், அதாவது 8.27 அங்குலம் என்பதால் அங்கே 5.28 தேவை, 53 46 50 56 என்று மாற்றிக்கொள்ள வேண்டும். கிடைத்தாள் குறியீடு எப்போதும் வரி இடைவெளிக்கு முன்னால் வர வேண்டும், ஏனெனில் தாளின் திசை மாறும்போது விளிம்புகளும் இடைவெளியும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். நிரலில் மாற்ற வேண்டியவை இக்குறியீடுகளும், பத்தியின் அகலமும், வரி எண்ணிக்கையும் மட்டுமே. இறுதியில் 27 69 மீண்டும் அனுப்பினால், பாதி நிரம்பிய தாளும் வெளியே வந்துவிடும்.

தட்டச்சு உரையைத் தானே புரிந்துகொள்ளாமல், விண்டோஸ் வரைந்து தரும் படத்தை மட்டும் அச்சிடும் பிற்கால மலிவு இயந்திரங்கள் இதற்கு உதவா.

தாளின் இரு பக்கமும் அச்சிட்டால் 66 வரிப் பக்கங்கள் நான்கு ஒரு தாளில் அடங்கும். அதற்கு நிரலில் ஒற்றைப்படைப் பக்கங்களை மட்டும், இரட்டைப்படைப் பக்கங்களை மட்டும் என இரண்டு தேர்வுகள் இருந்தால் போதும். முதல் சுற்று முடிந்ததும் தாள்கட்டைத் திருப்பித் தட்டில் வைத்து இரண்டாம் சுற்றை ஓட்ட வேண்டும். மொத்தப் பக்கங்கள் ஒற்றைப்படையாக இருந்தால் கடைசித் தாளைக் கட்டிலிருந்து எடுத்துவிட்டே வைக்க வேண்டும். எந்தப் பக்கம் மேலே, எந்த விளிம்பு உள்ளே என்பது இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும். ஒரு வெற்றுத்தாளின் மேற்புறத்தில், உள்ளே நுழையும் விளிம்பையொட்டிப் பென்சிலால் ஓர் அம்புக்குறி இட்டு, ஒரு பக்கம் அச்சிட்டுப் பாருங்கள். அச்சு விழுந்தது அம்புக்குறி உள்ள பக்கமா, மறுபக்கமா, தலைப்பு அம்புக்குறிக்கு எந்தத் திசையில் இருக்கிறது என்று பார்த்து, அதைத் தாள் தட்டின் மேல் ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவிடுங்கள்.